பசித்தால் சாப்பிடுவாளாம்

சென்ற இதழில் வந்த கட்டுரையை எழுதிய பெரியவரின் பெயரை நான் இங்கே குறிப்பிடப்போவதில்லை. மரியாதைக்காக அல்ல. அவர் எழுதியதைச் சித்தப்பாக்களும் பெரியம்மாக்களும் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பொதுச் சொத்துக்கு ஒருவர் பெயரில் மட்டும் பட்டா கொடுப்பது நியாயமில்லை.

அவர் சொல்லும் கதை இது. பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண். அப்பா மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். எட்டு மாதமாக அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. சுடிதாரெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பயந்துபோன அம்மா மனநல மருத்துவரிடம் அழைத்துப்போகிறார். அவர் இது அனோரெக்ஸியா என்ற உணவுக் கோளாறு, உடனே சிகிச்சை வேண்டும் என்கிறார். இந்த இடத்தில் பெரியவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அப்பாவை இழந்த பிள்ளை சாப்பிடாமல் இருப்பது வியாதியா? துக்கத்துக்கும் மாத்திரை எழுதும் காலமா? பசித்தால் தானே சாப்பிடுவாள். இது வெள்ளைக்காரப் பணக்கார வீட்டுப் பெண்களின் நோய், நமக்கெதற்கு? அம்மா கொடுத்த செல்லமும் ஒரு காரணம். போதாததற்கு, லங்கணம் பரம ஔஷதம், அதாவது பட்டினியே பெரிய மருந்து. இவ்வளவுதான் கட்டுரை. நடுநடுவே கோப்பெருஞ்சோழனும் புனிதர்களும் வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள்.

துக்கம் நோயல்ல என்பதில் எனக்கு அவரோடு சண்டையில்லை. மருத்துவர்களுக்கும் இல்லை. நீடித்த துக்கத்தை ஒரு கோளாறாக 2022இல் தங்கள் கையேட்டில் சேர்த்த அமெரிக்க மனநல மருத்துவர்கள்கூட, பெரியவர்களுக்கு ஓராண்டும் பிள்ளைகளுக்கு ஆறு மாதமும் கழிந்த பிறகே அந்தப் பேச்சை எடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சாவு விழுந்த வீட்டில் பத்து நாள் சோறு இறங்காது. யாரும் அதற்காக டாக்டரைக் கூப்பிடுவதில்லை. பெரியவர் அடித்து நொறுக்கும் எதிரி, அவரே வைக்கோலில் கட்டி நிறுத்திய எதிரி.

அவருடைய உண்மையான குற்றம் வேறு. அந்தப் பெண் எவ்வளவு பொறுப்பானவள் என்று காட்டுவதற்காக அவரே சில விவரங்களைத் தருகிறார். தம்பிக்கு டிபன் பாக்ஸ் கட்டுவது அவள்தான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி செய்து எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, வாசனையிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்பாளாம். இரவில் போனில் ஓயாமல் சமையல் வீடியோ பார்க்கிறாள். ஒரு தோசையைப் பிய்த்துப் பிய்த்து முக்கால் மணிநேரம் தின்கிறாள். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாள். சிநேகிதிகள் வந்தால் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அப்பா பேச்சை எடுத்தால் முன்பெல்லாம் அழுவாள். இப்போது அழுவதேயில்லை, தேறி வருகிறாள் என்று முடிக்கிறார். கண்ணெதிரே இவ்வளவும் இருந்தும் அவருக்குத் தெரிந்தது ஒரு பொறுப்பான பெண் மட்டும்தான்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினியில் கிடப்பவர்களை எப்படிச் சோறு போட்டு மீட்பது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. மனசாட்சியின் பேரில் துப்பாக்கி தூக்க மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். உடம்பும் மனமும் திடமானவர்கள்தாமா என்று பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைவயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு கரைந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அவர்கள் மனத்துக்கு நேர்ந்தது. அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். இரவில் சமையல் குறிப்புகளைப் படித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். தட்டில் இருந்ததைத் துண்டு துண்டாக்கி, தண்ணீர் கலந்து, நேரத்தை இழுத்து இழுத்துத் தின்றார்கள். ஜூலை மாதத்திலும் அவர்களுக்குக் குளிர்ந்தது. நண்பர்களை விட்டு விலகினார்கள். பெண்கள் மீதிருந்த நாட்டம் போயிற்று. எரிச்சலும் சோர்வும் மாறி மாறி வந்தன. பிறகு எதிலும் ஒட்டாத ஒரு மரத்த நிலை. கீஸும் உடன் இருந்தவர்களும் இதையெல்லாம் 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

டிபன் பாக்ஸ், சமையல் வீடியோ, தோசைத் துண்டு, ஸ்வெட்டர், மூடிய அறை. பெரியவரின் கட்டுரையையும் கீஸின் தொகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்த 36 பேரும் துக்கம் காக்க வந்தவர்களல்லர். நடிகையைப் பார்த்து இளைக்க ஆசைப்பட்டவர்களுமல்லர். பட்டினி தானாகவே இத்தனையையும் செய்தது. அதாவது, அந்தப் பெண்ணிடம் இன்று தெரிவதில் பெரும்பகுதி அப்பாவின் சாவு செய்ததே அல்ல. அந்தச் சாவுக்குப் பின் தொடங்கிய பட்டினி செய்தது. துக்கம் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். உள்ளே வந்து உட்கார்ந்திருப்பது வேறொன்று. துக்கம் ஆறினால் அதுவும் எழுந்து போய்விடும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அந்த 36 பேரும் சோறு கிடைத்ததும் அள்ளித் தின்றார்களே என்று பெரியவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பெரும்பாலானவர்களைப் பசியே திரும்ப இழுத்து வந்துவிடுகிறது. சிலருடைய உடம்பில் அது நடப்பதில்லை. 2019இல் ஏறத்தாழ 17,000 அனோரெக்ஸியா நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த பன்னாட்டு ஆய்வு, இந்நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களைக் கண்டது. அந்தத் தொடர்பு மனத்தோடு மட்டும் நிற்காமல், உடம்பு சத்தைச் செரித்துச் செலவிடும் விதத்தோடும் பிணைந்திருந்தது. நீங்களும் நானும் ஒரு வேளை தப்பினால் எரிந்து விழுகிறோம். இவர்களில் பலருக்குச் சாப்பிடாதபோதுதான் மனம் அமைதியாகிறது. சாப்பிட உட்கார்ந்தால் பதற்றம் ஏறுகிறது. பசித்தால் சாப்பிடுவாள் என்பது உங்களுக்கும் எனக்கும் சரி. அவளுக்குப் பசியே பற்றுக்கோடு.

அழுவதேயில்லை, தேறி வருகிறாள் என்ற வரிதான் என்னை இந்த எதிர்வினையை எழுத வைத்தது. அழுவதற்கும் உடம்பில் சத்து வேண்டும் ஐயா. பட்டினி நீடித்தால் பெரிய உணர்ச்சிகள் மங்கிவிடுகின்றன. அந்த 36 பேர் மரத்துப்போனதுபோல் அவளும் மரத்துப்போயிருக்கிறாள். அது அவளுக்கு வசதியாகவும் இருக்கிறது. அப்பா படுத்திருந்த கட்டிலைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். இட்லியில் பாதியை எப்படித் தவிர்ப்பது என்று நாளெல்லாம் கணக்குப் போட்டால் அடைக்காது. வயிற்றுக்குச் சோறு போகத் தொடங்கினால் அழுகையும் திரும்பி வரும். அவள் அஞ்சுவது சோற்றுக்கு மட்டுமல்ல. இதைத் தேறுதல் என்று எழுதுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

அடுத்து, வெள்ளைக்கார நோய். லண்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் மார்ட்டன் என்ற மருத்துவர் 1689இல் வெளியிட்ட நூலில் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதுகிறார். ஒருத்தி பதினெட்டு வயதுப் பெண். 1684 ஜூலையில் அவளுக்கு மாதவிலக்கு நின்றது, பசி போனது. மனத்தில் அடைத்துக்கொண்ட கவலைகளே காரணம் என்று கருதினார் மார்ட்டன். மருந்தை அவள் மறுத்தாள். சில மாதங்களில் இறந்தாள். அப்போது பேஷன் பத்திரிகையும் இல்லை, இன்ஸ்டாகிராமும் இல்லை. மற்றவன் ஒரு பாதிரியாரின் மகன், பதினாறு வயதுப் பையன். பெண்களின் அலட்டல் என்று பெரியவர் சொல்லும் நோயை முதன்முதலாக விவரமாக எழுதியவர் பார்த்த இருவரில் ஒருவன் பையன்! பையன்களுக்கு வந்தால் ஜிம்முக்குப் போகிறான், கட்டுப்பாடாக இருக்கிறான் என்று நாம் பாராட்டிக்கொண்டிருப்போம். அது தனிக் கதை.

ஆசியாவுக்கு வருவோம். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1993இல் 70 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 41 பேருக்குக் குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லை. வயிறு உப்பியிருக்கிறது, பசியில்லை, இறங்கவில்லை என்றார்கள். நம் வீடுகளில் கேட்கும் அதே சொற்கள். 1995இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் தாங்கள் பார்த்த ஐந்து பேரைப் பற்றி எழுதியபோதும் மேலைநாட்டுப் பாடப்புத்தகம் சொல்லும் இலக்கணம் அப்படியே பொருந்தவில்லை. 2007இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், மனநலச் சிகிச்சைக்கு வந்த 3,274 பிள்ளைகளின் பதிவேடுகளைப் பார்த்து 41 பேருக்கு உணவுக் கோளாறு என்று கண்டார்கள். பெரும்பாலோருக்கு மனம் சார்ந்த வாந்தி, சிலருக்கு அனோரெக்ஸியா. வேலூர் எந்த வெள்ளைக்கார நாட்டில் இருக்கிறது என்று பெரியவர் சொல்ல வேண்டும்.

அவர் பக்கம் ஒரு அரை உண்மை உண்டு. பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. மூன்றே ஆண்டுகளில் பள்ளிப் பெண்களிடம் எடை குறைக்கும் ஆபத்தான பழக்கங்கள் தென்பட்டதை ஆன் பெக்கர் பதிவு செய்தார். ஆக, ஊடகம் நோயைப் பரப்பும், அதற்கு ஒரு வடிவமும் கொடுக்கும். ஆனால் பட்டினிக்குப் பெண்கள் சொல்லும் காரணம் காலத்துக்குக் காலம் மாறுகிறது என்பதற்கும், காரணம் உள்ளூர்க்காரணமாக இருந்தால் அது நோயே அல்ல என்பதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. பெரியவர் அதைத் தாண்டவில்லை. பார்க்கவேயில்லை.

புனிதர்களை அழைத்தது அவர்தான். ஆகவே ஒருவரைப் பார்த்துவிடுவோம். இத்தாலியின் சியெனா நகரில் 1347இல் ஒரு சாயக்காரர் வீட்டில் பிறந்தவள் கேத்தரின். அவள் மிகவும் ஒட்டிக்கொண்டிருந்த அக்கா பொனவெந்துரா 1362இல் பிரசவத்தில் இறந்தாள். வீட்டார் கேத்தரினுக்குத் தீவிரமாக மாப்பிள்ளை தேடினார்கள். அக்கா கணவருக்கே கட்டிவைக்க நினைத்தார்கள் என்றும் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவள் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டாள். உணவைச் சுருக்கினாள். பதினைந்து, பதினாறு வயதில் தொடங்கியது வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது. போப்பாண்டவருக்கே கடிதம் எழுதி அறிவுரை சொல்லும் அளவுக்கு உயர்ந்தவள், 1380இல் ரோமில் 33 வயதில் இறந்தாள். 1461இல் புனிதர் பட்டம் கிடைத்தது. ஒரு மகானுக்கு மருத்துவச் சீட்டு ஒட்டும் ஆசை எனக்கில்லை. ருடால்ஃப் பெல் 1985இல் அதற்காகவே ஒரு புத்தகம் எழுதி நிறையத் திட்டு வாங்கினார். நான் சுட்டிக்காட்ட விரும்புவது கேத்தரினின் கடிதம் ஒன்றை. அவள் சாப்பிடாமல் இருப்பதைச் சந்தேகித்த ஒரு துறவிக்கு எழுதியது. நானும் சாப்பிடத்தான் முயல்கிறேன், மற்றவர்களைப்போல் உண்ண வைக்கும்படி இறைவனை வேண்டுகிறேன், இது என்னுடைய ஒரு பிணி என்ற பொருளில் அதில் எழுதுகிறாள். பெரியவர் மனவுறுதி என்று கொண்டாடுவதைப் புனிதையே பிணி என்கிறாள். யாரை நம்புவது?

கோப்பெருஞ்சோழனை இழுத்திருக்க வேண்டாம். மன்னன் வடக்கிருந்தது ஊரறிய. சான்றோர் சூழ அமர்ந்தான். நண்பர் பிசிராந்தையாருக்கு இடம் ஒதுக்கி வைத்தான். அது உயிரை விடுவதற்காகவே மேற்கொண்ட நோன்பு. பதினாறு வயதுப் பெண்ணுக்கு எடுத்துக்காட்டாக இதையா சொல்வது? என்ன எழுதுகிறோம் என்று திரும்பப் படித்துப் பார்த்தாரா? புறநானூற்றை எடுத்தவர் பக்கத்தைப் புரட்டியிருந்தால் பூதப்பாண்டியன் தேவியைப் பார்த்திருப்பார். கணவனை இழந்தவள் நெய்யில்லாத பிழிந்த சோற்றையும் எள் துவையலையும் வேளைக்கீரையையும் தின்று உயிர்வாழும் கைம்மை நோன்பை விட ஈமத்தீயே மேல் என்றவள் அவள். துக்கத்தின் பேரால் பெண்ணின் தட்டில் கைவைப்பது நம்மிடமும் பழைய பழக்கம்தான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

நல்ல பழக்கமும் ஒன்று உண்டு. மரபு மரபு என்று பேசுகிறவர் அதைத்தான் மறந்துவிட்டார். சாவு வீட்டில் அடுப்பு எரியாது; ஆனால் யாரையும் பட்டினி கிடக்க விடமாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து காபி வரும், பங்காளி வீட்டிலிருந்து சோறு வரும். அழுதுகொண்டிருப்பவள் வாயருகே ஓர் அத்தை டம்ளரை நீட்டிக்கொண்டே நிற்பாள். வேண்டாம் என்றால் விடமாட்டாள். "நீ படுத்துட்டா பிள்ளைங்களை யாரு பார்ப்பா, ஒரு வாய் குடி" என்பாள். துக்கத்தில் இருப்பவரிடம் பசிக்கிறதா என்று கேட்காமல் ஊட்டிவிடுவதுதான் நம் ஊர் முறை. என்ன, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை ஊருக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகுதான் இந்தப் பெண் போன்றவர்கள் மெல்ல மெல்ல வேளைகளை உதறத் தொடங்குகிறார்கள். அமாவாசைக்கு அப்பாவுக்காக விரதம் என்றால் யார் தடுப்பார்கள்? பாட்டி மெச்சுவாள். மாதத்தில் ஒன்று வாரத்தில் இரண்டாகும்போது எண்ணிக்கொண்டிருக்க அந்த வீட்டில் யாருக்கும் தெம்பிருக்காது. காக்கைக்கு வைத்த படையல் தீர்ந்திருக்கும். அவள் இலை அப்படியே இருக்கும்.

அம்மாவின் செல்லம் என்ற குற்றச்சாட்டுக்கு மருத்துவத்திலேயே அழுக்கான வரலாறு உண்டு. இந்நோய்க்கு இன்றைய பெயரைக் கொடுத்த வில்லியம் கல், 1874இல், நோயாளியைக் கவனிக்க உறவினர்கள் பொதுவாக லாயக்கில்லாதவர்கள் என்று எழுதினார். பாரிஸில் ஷார்க்கோ பெற்றோரை அண்டவிடாமல் பிள்ளையைப் பிரித்து வைத்தார். அடுத்த நூறாண்டுக்கு அம்மாக்கள் வாங்காத திட்டில்லை. கணக்கைத் திருப்பிப் போட்டது லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை. 1987இல் ஜெரால்ட் ரஸ்ஸல், இவான் ஐஸ்லர், கிறிஸ்டோபர் டேர் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில், நோய் தொடங்கி அதிக நாளாகாத இளம் பிள்ளைகளுக்குக் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு தந்த சிகிச்சையே நன்றாகப் பலித்தது. 2010இல் ஸ்டான்ஃபோர்டும் சிகாகோவும் சேர்ந்து 121 பிள்ளைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தன. சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து, பெற்றோரே சோறூட்டும் முறையில் 49 சதவீதத்தினர் முழுதாகத் தேறியிருந்தார்கள். பிள்ளையிடம் தனியாகப் பேசும் முறையில் 23 சதவீதத்தினர்.

இந்த முறை கேட்க எளிது. செய்யக் குலை நடுங்கும். என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்ற முடிவு சில மாதங்களுக்குப் பிள்ளையின் கையில் இல்லை. மூன்று வேளையும் இடையிடையே சிற்றுண்டியும் அம்மா பரிமாறுகிறாள், கூடவே உட்காருகிறாள், தட்டு காலியாகும்வரை எழுந்திருப்பதில்லை. திட்டு கிடையாது, கெஞ்சல் கிடையாது, பேரம் கிடையாது. இத்தனைக்கும் அந்த அம்மாவே புருஷனை இழந்து எட்டு மாதமானவள். அவளுக்கே சோறு இறங்கவில்லை. அவளோடு இன்னொருவர் உட்கார வேண்டும்: மாமா, பெரியம்மா, யாராவது. பெரியவர் உண்மையாகவே அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவராக இருந்தால் அவருக்கான நாற்காலி அங்கே காலியாக இருக்கிறது. தினமும் மதியம் ஒரு மணிக்கு. கட்டுரை எழுதுவதைவிடச் சிரமமான வேலை.

காலம் ஆற்றும் என்கிறார் முடிவில். காலம் மனத்தை ஆற்றலாம். இதயத் தசை மெலிந்து துடிப்பு குறைந்துகொண்டே போகும்போது காலம் யார் பக்கம் நிற்கும்? எலும்பு தன் வாழ்நாள் பலத்தைச் சேர்த்துக்கொள்ளும் வயது அது. இப்போது விட்டதைப் பின்னால் முழுதாகப் பிடிக்க முடிவதில்லை. உயிரை அதிகம் குடிக்கும் மனநோய்களில் இது முன்வரிசையில் இருக்கிறது. 2011இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, அனோரெக்ஸியாவில் இறந்தவர்களில் ஐவரில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர். 2025 மார்ச்சில் கேரளத்தில் பதினெட்டு வயது மாணவி ஒருத்தி இந்நோயில் இறந்த செய்தி பெரியவர் படிக்கும் நாளிதழிலும் வந்திருக்கும்.

இரண்டு தட்டு தட்டி நாலு கரண்டி சோறு போட்டால் சரியாகும் என்று அவரிடம் வேறு ஒரு யோசனை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வதைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர் வயிறார உண்ட பிறகு இறந்தார்கள். நாள்பட்ட பட்டினிக்குப் பின் திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் ரத்தத்திலுள்ள பாஸ்பேட் சட்டென்று செல்களுக்குள் போய்விடும், இதயம் தடுமாறும். அதனால்தான் மிகவும் மெலிந்த பிள்ளைக்கு முதல் சில நாள் ஆஸ்பத்திரியில், ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே உணவைக் கூட்டுகிறார்கள்.

பெண்ணைக் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கட்டுரையை முடித்திருக்கிறார். தாராளமாகப் போகட்டும், அவள் அப்பா கும்பிட்ட சாமியாகவும் இருக்கலாம். அதற்கு முன்னால், இந்த வாரத்திலேயே, படுத்தபடியும் நின்றபடியும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்து, ஒரு ஈ.சி.ஜி. எடுத்து, பொட்டாசியமும் பாஸ்பேட்டும் சோதித்துவிடட்டும். மயக்கம் வந்தாலோ, சாக வேண்டும் என்று சொன்னாலோ வாரமெல்லாம் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் இரவிலும் தமிழில் பேச ஆள் உண்டு. கோயிலுக்குப் போகும் நாளில் பெரியவரும் கூடப் போகலாம், வழியில் அவள் சாப்பிட உட்காரும்போது வாயைத் திறக்கமாட்டேன் என்று உறுதி கொடுத்துவிட்டு.